கன்னிமார் கரையில் கட்டிய துணி

சேரப்பணஞ்சேரி அருகில்,
படப்பை வழி,
22-9-91, ஞாயிறு.

அன்பு மகள் மஹாலட்சுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும், வயிற்றில் இருக்கிற என் பேரனோ பேத்தியோ அதுவும், ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காஞ்சிபுரத்து அம்மனை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முதலில் ஒன்று கேட்கிறேன், உறையை நீ எதை வைத்து ஒட்டினாய்? நீ எப்போதும் கோந்து போட்டுத்தானே ஒட்டுவாய், இது ஓரத்தில் சோற்றுப்பசை மாதிரி மொறமொறவென்று இருந்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் கொடுமை நடந்ததிலிருந்து இந்தப் பக்கம் வருகிற தபாலை எல்லாம் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு. தபால்காரரைக் கேட்டால், "உன் கடுதாசியில இன்னா ரகசியம் கீதும்மா, நாங்க பிரிச்சிப் பாக்கறதுக்கு" என்று சிரிக்கிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சிரிக்கிறவரை நான் எப்படி நம்புவது? அதனால் இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் உறையைச் சுற்றிலும் ஒருமுறை பார். நான் ஓரத்தில் நூல் வைத்துத் தைத்து அதன்மேல் கோந்து போட்டிருக்கிறேன்.

உனக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. வாளியைத் தூக்காதே, குந்தி உட்கார்ந்து துணி துவைக்காதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா, சின்ன வயதிலிருந்தே துணி என்று ஒன்று கண்ணில் பட்டால் அலசிப் போடாமல் உனக்குத் தூக்கம் வராது, குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த காகிதக் கொடியைக்கூட அழுக்காக இருக்கிறது என்று தண்ணீரில் முக்கினவள் ஆயிற்றே நீ. பக்கத்து வீட்டு அம்மாள் பிரசவத்துக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். யார் அவள், எந்த ஊர், அவளுக்கு இதில் என்ன வந்தது என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். நல்லவளாகவும் இருக்கலாம். விசாரித்தால் நல்லவள் கெட்டுப்போய்விட மாட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேனே என்று பார்க்கிறாயா, அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முழுவதும் படி, பாதியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகாதே.

நம் பள்ளிக்கூடத்துக்குப் போன வருடம் ஒரு டீச்சர் வந்தாள் என்று எழுதியிருந்தேன் இல்லையா, மெர்சி என்று பெயர், தாம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். அவள் ஆடி மாதத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாரம் தவறாமல் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தாள். ஆறாம் வகுப்புக்குப் பாலத்தடி, ஏழாம் வகுப்புக்குப் படித்துறை, எட்டாம் வகுப்புக்குக் கன்னிமார் கரை என்று ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுத்து, தண்ணீர் என்ன நிறம், என்ன வாடை, மீன் துள்ளுகிறதா, நுரை வருகிறதா என்று பார்த்துப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வரச் சொல்கிறாள். இதற்கு ஆற்றுக் காவல் என்று பெயர் வேறு. மெட்ராஸில் அடையாறு என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது நம் பக்கத்து ஏரிகளில் வழிகிற தண்ணீர்தானாம், இங்கே கெட்டால் அங்கேயும் கெடுமாம். எனக்கு அவளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பாடப் புத்தகத்தில் இல்லாத வேலையை ஒருத்தி வெயிலில் நின்று செய்கிறாள் என்றால் சும்மா செய்வாளா? மதம் மாற்ற வந்திருக்கிறாள் என்றார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மதம் மாற்றுகிறவள் எதற்கு மீனை எண்ணுகிறாள்? வேறு ஏதோ இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். ஒருநாள் பாலத்தின்மேல் நின்ற போலீஸ்காரர் பிள்ளைகளை நிறுத்தி, "பாட்டில்ல இன்னா டீச்சர், பெட்ரோலா" என்று கேட்டிருக்கிறார், இவள் ஆற்றுத் தண்ணீர் என்றதும், "அத்த எதுக்கு புட்ச்சிக்கினு போறீங்க, ஆறு இன்னா எங்கியாவது ஓடிப்போயிடுமா" என்று கேட்டு, ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விட்டாராம். நான் அன்றைக்கு அந்தப் போலீஸ்காரர் பக்கம்தான்.

உன் அப்பா தை மாதத்திலிருந்து ஒரகடம் ரோட்டில் புதிதாக வந்த முலாம் போடுகிற கம்பெனியில் வாட்ச்மேனாக இருப்பது உனக்குத் தெரியும். சைக்கிள் பாகங்களை ஏதோ காரத் தொட்டியில் முக்கி எண்ணெய்ப் பிசுக்கு எடுத்துப் பளபளவென்று ஆக்கி அனுப்புகிறார்கள். கம்பெனியின் பின்சுவர் ஆற்றைப் பார்த்து இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் உன் அப்பா, "எனக்கு வாசல் கேட்டு மட்டும்தான் தெரியும்" என்பார். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியும் ஒரு விஷயத்தை முழுசாகச் சொன்ன மனிதர் இல்லை. அதனால் அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவணி மாதத்தில் ஒருநாள் நான் பார்க்கிற சத்துணவுக் கூடத்தில் பருப்பு சிவந்துபோனது. எப்போதும் போலத் துவரம்பருப்பை வேக வைத்து மஞ்சள்தூள் போட்டோம், கிளறக் கிளற அது ஆரத்தித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பருப்பு சீக்கிரம் வேக வேண்டும் என்று சோடா உப்பை அள்ளிப் போட்டால் மஞ்சள் இப்படித்தான் சிவக்கும், சமைக்கிற பெண்பிள்ளை யாருக்குத்தான் இது தெரியாது? சமையல் ஆயா சந்திரம்மாளைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவள், "என் புள்ளைங்க மேல சத்தியம்மா, நான் சோடா உப்ப கையால கூட தொடல" என்று அழுதாள். அழுதால் விட்டுவிடுவேனா, அவள் இடுப்பு முடிச்சைக்கூட அவிழ்த்துப் பார்த்தேன், வெற்றிலைதான் இருந்தது. பிள்ளைகள் பசியோடு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள், பருப்பு வாயில் வைத்துப் பார்த்ததில் கெட்டுப்போகவில்லை, பரிமாறிவிட்டோம். சாயங்காலத்துக்குள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள், படப்பை ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாமி புண்ணியத்தில் எல்லாரும் மறுநாள் எழுந்துவிட்டார்கள்.

ஆனால் பழி யார்மேல் விழுந்தது தெரியுமா, உன் அம்மா மேல்தான். அமைப்பாளர் காமாட்சி பருப்பைத் திருடிவிட்டு மிச்சத்தைச் சோடா போட்டு ஊத வைக்கிறாள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. எட்டு வருடமாக அந்தப் பிள்ளைகளுக்குப் போட்ட சோறு ஒரே சாயங்காலத்தில் விஷம் ஆகிவிட்டது. பால் வாங்கப் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள், தலைமையாசிரியர் சுப்பிரமணி சார் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது, வேலை போகும் என்று நேராகவே சொன்னார்கள். வேலை போனால் போகட்டும் மஹா, பிள்ளைகள் சோற்றில் கை வைத்தவள் என்ற பெயரோடு இந்த ஊரில் எப்படி நடப்பேன்? நான் ஊரையே சந்தேகப்பட்டவள், இப்போது ஊரே என்னைச் சந்தேகப்பட்டது. அந்த வலி என்ன வலி என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நிலையில் மெர்சி டீச்சர் சத்துணவுக் கூடத்துக்கு வந்தாள். பழைய நோட்டுத் தாளில் மஞ்சள் பூசிக் காய வைத்த துண்டுகளைக் கையில் வைத்திருந்தாள். பள்ளிக் கிணற்றுத் தண்ணீரை ஒரு தம்ளரில் மொண்டு தாளை நனைத்தாள், சிவந்தது. "உங்க பருப்புல சோடா இல்லம்மா, உங்க தண்ணியிலதான் சோடா மாதிரி காரம் இருக்குது. கிணறு ஆத்தோரம் இருக்குது, ஆத்துல வர்றது ஊறி இதுல வருது" என்றாள். என்னைக் காப்பாற்ற வருகிறாளே, இவளுக்கு என்ன லாபம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தாளில் முன்னாலேயே ஏதாவது தடவிக்கொண்டு வந்திருந்தால்? அவள் போனதும் வீட்டிலிருந்து விரலி மஞ்சளை எடுத்து வந்து நானே அம்மியில் இழைத்து, என் பழைய வெள்ளைப் புடவையில் ஒரு துண்டு கிழித்து, நானே சேந்திய தண்ணீரில் நனைத்தேன். என் கண் முன்னால் சிவந்தது. அடுத்த வாரம் பிள்ளைகள் படித்துறைத் தண்ணீரில் நனைத்தார்கள், அங்கேயும் சிவந்தது. சந்திரம்மாளிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

ஆற்றோரத்தில் காரத் தொட்டி இருப்பது அங்கே மட்டும்தானே, விஷயம் கம்பெனிக்குப் போனது. மேனேஜர் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் காரில் வந்து இறங்கினார், பிள்ளைகளுக்குப் புதுத் தட்டுகள் ஒரு மூட்டை கொண்டுவந்தார். கேட்காமல் கொடுக்கிறவன் கையை நான் எப்போதும் இரண்டு தடவை பார்ப்பேன். அவர் படித்துறையைக் காட்டி, "ஊரு பொம்பளைங்க எல்லாம் அங்கதான சோப்பு போட்டுத் துவைக்கிறாங்க, சோப்புல மஞ்சள் செவக்காதா, உங்க வூட்ல புடவைல பட்ட கொழம்புக் கறை சோப்பு போட்டா செவக்கல?" என்று சுப்பிரமணி சாரிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். நியாயம் மாதிரியே இருந்தது. கடைசியில் இப்படி முடிவானது, வெள்ளிக்கிழமை இருபதாம் தேதி யூனியன் ஆபீஸ் அதிகாரி வருவார், அவர் முன்னால் தண்ணீரைச் சோதிப்பது, அதற்கு முன்னால் மூன்று நாள் ஊரில் ஒருத்தியும் ஆற்றில் துணி துவைக்கக் கூடாது. சிவந்தால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். சிவக்காவிட்டால் ஆற்றுக் காவலை நிறுத்த வேண்டும், என்மேல் நடவடிக்கை. கிணறு அழுக்காக இருக்கிறது என்று மேனேஜர் மோட்டார் அனுப்பி இலவசமாக இறைத்தும் கொடுத்தார். எல்லாரும் எவ்வளவு நல்ல மனுஷன் என்றார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

எனக்கு ராப்பகலாக ஒரே நினைப்பு. இன்ன தேதிக்கு வருகிறோம் என்று சொல்லிவைத்தால் எந்தத் திருடன் அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே வருவான்? இருபதாம் தேதி கம்பெனியின் கழிவுக் குழாய் மூடித்தான் இருக்கும். அதற்கு முன்னால் ஓடுவதைப் பிடிக்க வேண்டும், ஆனால் நாள் முழுக்க யார் கரையில் உட்கார்ந்து பார்ப்பது? மெர்சி டீச்சரிடம் சொல்ல எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அப்போதுதான் கன்னிமார் நினைவுக்கு வந்தார்கள். கம்பெனிக் குழாய் காட்டாமணக்குப் புதருக்குள் ஒளிந்து ஆற்றில் விழுகிறது, அதற்குச் சற்றுக் கீழேதான் புங்க மரமும் ஏழு கல்லும். அங்கே யாரும் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள், சோப்புத் துணி கொண்டுபோக மாட்டார்கள், எச்சில் துப்ப மாட்டார்கள். அந்த இடத்தில் மஞ்சள் சிவந்தால் சோப்பு என்று எவனும் வாய் திறக்க முடியாது. வேண்டுதல் முடிச்சை யாரும் தொடவும் மாட்டார்கள்.

பழைய வெள்ளைப் புடவையை நீளநீளமாகக் கிழித்து மஞ்சளில் முக்கி நிழலில் காய வைத்தேன். ஆற்றில் இப்போது கணுக்கால் தண்ணீர்தான், குழாய் திறந்தால் மட்டும் நாலு விரல் ஏறும். அதனால் புங்கக் கிளையில் துணியின் நுனி தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே தொங்கும்படி கட்டினேன். காரத் தண்ணீர் ஏறினால் நுனியைத் தொட்டுவிட்டு இறங்கும், துணி காய்ந்து சிவப்பு அப்படியே நிற்கும். குழாய்க்கு மேல்பக்கம் ஒரு நொச்சிப் புதர் இருக்கிறது, அதிலும் சிலதைக் கட்டினேன், அங்கே கம்பெனித் தண்ணீர் வர வழியில்லை. எது எது என்று பின்னால் குழம்பக் கூடாது என்று நொச்சியில் கட்டியதற்கு ஒற்றை முடிச்சு, புங்கத்தில் கட்டியதற்கு இரட்டை முடிச்சு போட்டேன். பார்த்த பெண்களிடமும் உன் அப்பாவிடமும், மஹாலட்சுமிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று கட்டுகிறேன் என்று சொன்னேன். ஆமாம் மஹா, உன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. ஆனால் உன் பெயரைச் சொன்னால்தான் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாகக் கரைக்குப் போனேன். புங்கக் கிளை மொட்டையாக நின்றது. நொச்சியிலும் ஒன்றும் இல்லை. கரை முழுக்கப் பெருக்கி, ஒரு ஓரத்தில் குப்பை எரித்த சாம்பல் கிடந்தது. அதிகாரி வருகிறார், கரையைச் சுத்தம் பண்ணுங்கள் என்று மேனேஜர் முந்தின நாளே ஆள் விட்டிருக்கிறார். அந்த ஆள் யார் என்று ஒரு பையனைக் கேட்டேன். உங்க வூட்டுக்காரர்தான் என்றான். அப்புறம் நடந்ததை எழுத வேண்டுமா? அதிகாரி வந்தார், தாளை நனைத்தார், தாள் மஞ்சளாகவே இருந்தது. கிணற்றிலும் அப்படியே. மூன்று நாள் துணியைத் துவைக்காமல் மூட்டை கட்டி வைத்திருந்த பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மெர்சி டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சுப்பிரமணி சார் கையை அசைத்து நிறுத்தச் சொன்னார். அதிகாரி என்னிடம், "திங்கக்கிழமை ஆபீஸ்ல வந்து எழுதிக் குடும்மா, நீயா வேலைய விட்டுட்டா உனக்கும் மரியாதை" என்றார். உன் அப்பா கம்பெனி கேட்டருகே காக்கிச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார், நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அவரோடு பேசவில்லை. கேட்டிருந்தால் ஊர் கூடியிருக்கும், அவ்வளவு கோபம். சோற்றைப் போட்டேன், சாப்பிட்டார். பெண்டாட்டி பெயர் போனால் போகட்டும், கம்பெனிச் சோறு போதும் என்று நினைத்துவிட்டாரே என்று சனிக்கிழமை முழுக்க உள்ளுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் டிபன் கேரியரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். கழுவலாம் என்று திறந்தால், மேல் தட்டில் மஞ்சள் துணிகள். முடிச்சை அவிழ்க்காமல் சின்னச் சின்னக் கிளையோடு ஒடித்து, ஒன்றையொன்று தொடாமல் வாழைச் சருகு சுற்றி வைத்திருந்தார். ஒற்றை முடிச்சு எல்லாம் நான் கட்டிய மஞ்சளாகவே இருந்தது. இரட்டை முடிச்சு ஒவ்வொன்றின் நுனியும் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது.

அவரிடம் போய் என்ன இது என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கரைய சுத்தம் பண்ணச் சொல்லோ எல்லாத்தையும் கொளுத்தச் சொன்னாங்க. பொண்ணு பேர்ல கட்டினது, வேண்டுதல் முடியறதுக்குள்ள அவுக்கக் கூடாதுன்னுதான் கிளையோட ஒடிச்சேன். அத்த நெருப்புல போட எனக்கு எப்டி கை வரும்? மேனேஜர் இருக்கசொல்ல வெளிய எடுத்தார முடியல" என்றார். அவ்வளவுதான். நுனி ஏன் சிவந்திருக்கிறது என்று அவர் பார்க்கக்கூட இல்லை. மழைத்துளி பட்ட கறை என்று நினைத்திருப்பார். மஹா, நான் இரண்டு நாள் வாய்க்குள்ளேயே சபித்த மனிதர், உனக்காக வேண்டிக்கொண்ட துணி என்று நம்பி, மேனேஜர் சொன்னதை மீறி, அதைச் சோற்றுப் பாத்திரத்தில் வைத்து ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். உண்மையாகவே ஒன்றும் தெரியாமல்தான் செய்தாரா, தெரிந்துகொண்டே என்னைக் காப்பாற்ற அப்படிச் சொல்கிறாரா என்று இப்போதும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அது என் பிறவிக் குணம். ஆனால் கேட்கப் போவதில்லை.

இப்போது சிக்கலைப் பார். இந்தத் துணியை நாளைக்கு ஆபீஸில் காட்டினால் என் பெயர் சுத்தமாகும். ஆனால் எரிக்கச் சொன்ன துணி உனக்கு எப்படிக் கிடைத்தது என்றுதான் முதலில் கேட்பார்கள், உன் அப்பா வேலை அன்றைக்கே போகும், வேலையோடு விடுவார்களா என்பதும் தெரியாது. அதனால் இன்று காலை முதல் பஸ்ஸில் தாம்பரம் போய் மெர்சி டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பிலோமினா என்று அவள் அம்மா, காப்பி கொடுத்தாள், முதலில் அவளைக் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் குடித்தேன், கோபித்துக்கொள்ளாதே. துணியைக் காட்டி, யார் எடுத்தது என்று மட்டும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க தாள எல்லாரும் எடுத்துப் பாக்கலாம், கிழிச்சிப் போடலாம். இத யாரும் தொட மாட்டாங்க இல்லம்மா" என்றாள். அவளையும் அழைத்துக்கொண்டே ஊருக்கு வந்தேன். வாந்தி எடுத்த பிள்ளைகளின் அம்மாக்கள் ஒவ்வொருத்தியையும் பார்த்து, உன் பிள்ளை நோய்நொடி இல்லாமல் இருக்கக் கன்னிமாருக்கு ஒரு மஞ்சள் துணி கட்டு, இரட்டை முடிச்சாகக் கட்டு, நுனி தண்ணீருக்கு மேலே இருக்கட்டும் என்று சொன்னேன். கதவைச் சாத்துவார்கள் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் கரைக்குப் போனபோது சந்திரம்மாள் எனக்கு முன்னால் அங்கே நின்றாள். தன் புடவை ஓரத்தையே கிழித்து மஞ்சளில் நனைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். "நீ என்னைய சந்தேகப்பட்டாலும் புள்ளைங்க என் சோத்ததான தின்னுச்சுங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அப்புறம் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். புங்க மரத்தில் இடம் இல்லாமல் பக்கத்து மரத்திலும் கட்டினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் துணி நுனியை மட்டும் பார்த்துவிட்டுப் போவது என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள், கையில் பாட்டில் வேண்டாம், தாள் வேண்டாம். இனி மேனேஜர் எத்தனை துணியைக் கொளுத்துவார், யாரை விட்டுக் கொளுத்துவார்? ஊருக்கே வேண்டுதல் இருக்கிற மரத்தை வெட்ட இந்தப் பக்கத்தில் ஒருவனும் வரமாட்டான். நாளைக்கு ஆபீஸுக்குப் போய், வேலையை விட மாட்டேன், பத்து நாள் கொடுங்கள், அதற்குள் உங்களுக்கு எந்த நாள் தோன்றுகிறதோ அந்த நாள் வாருங்கள், எனக்கும் சொல்ல வேண்டாம் கம்பெனிக்கும் சொல்ல வேண்டாம், நேராகக் கன்னிமார் கரைக்கு வந்து துணி நுனியைக் குனிந்து பாருங்கள் என்று சொல்லப் போகிறேன். கேட்பாரா என்று தெரியவில்லை. அவர் கண்ணையும் நான் முழுக்க நம்பவில்லை. அதுவரை கிணற்றுத் தண்ணீரில் சமைப்பதில்லை, ரோட்டுப் பம்பிலிருந்து நானும் சந்திரம்மாளும் தலையில் சுமந்து வருகிறோம் என்று முடிவாகிவிட்டது.

எனக்கு இன்னொரு கவலை. எடுத்து வந்த பழைய துணிகளை எங்கே வைப்பது? பள்ளி அலமாரிச் சாவி சுப்பிரமணி சாரிடம் இருக்கிறது. டீச்சர் வீட்டில் வைத்தால் தாம்பரத்தில் திருட்டு அதிகம். நம் வீட்டில் வைத்தால் உன் அப்பா யாராவது சாமி துணி என்று கேட்டால் எடுத்து நெற்றியில் கட்டச் சொல்லிக் கொடுத்துவிடுவார். அதனால் ஒற்றை முடிச்சில் ஒன்று, இரட்டை முடிச்சில் ஒன்று, இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். பிலாய் வரைக்கும் வந்து யாரும் எரிக்க மாட்டார்கள். பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் காகிதம் சுற்றி வை. மாப்பிள்ளையிடம் வேண்டுதல் துணி என்று மட்டும் சொல், அதில் பொய் இல்லை. ஏனென்றால் இன்று மத்தியானம் எல்லாரும் கட்டி முடித்துப் போன பிறகு நான் மட்டும் நின்று, இந்தத் தடவை நிஜமாகவே உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் நினைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, ஒன்று கட்டினேன். பிரசவம் ஆனதும் நீ கைக்குழந்தையோடு வந்து உன் கையால் அவிழ்க்க வேண்டும். அதன் நுனி அதுவரை மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்று நிறைவாக வாழ வேண்டும், பிள்ளை நல்ல தண்ணீர் குடித்து வளர வேண்டும். தோள் நோகாமல் படு, இரவில் தனியாக மொட்டை மாடிக்குப் போகாதே, பக்கத்து வீட்டு அம்மாளை விசாரிக்க மறக்காதே. கடைசியாக ஒன்று, உன் கையைப் பிடித்துச் சொல்வதாக நினைத்துக்கொள். துணி கசங்கி அழுக்காகத்தான் இருக்கும், உனக்கு மனசு கேட்காது. வெறும் தண்ணீரில் அலசினால் சிவந்தது மஞ்சளாகிவிடும், சோப்பு போட்டால் மஞ்சளும் சிவந்துவிடும், இரண்டுமே பொய்ச்சாட்சி ஆகிவிடும். உன் அப்பா சோற்றுப் பாத்திரத்தில் வைத்துக் காப்பாற்றியது அது. உன் ஆயுசில் இந்த ஒரு துணியை மட்டும் துவைத்துவிடாதே, மஹா.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
வ. காமாட்சியம்மாள்